இரட்சிப்பை இழக்க முடியுமா?



சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2022 வரை இரண்டும் ஒரே மாவட்டம். ஆனால் விசுவாசி இரட்சிப்பை இழக்க முடியுமா என்னும் கேள்விக்கு, இவ்விரு ஊர்களிலும் ஊழியஞ்செய்த மிஷனெரிகள் ஒரே பதிலைக் கற்றவர்கள் அல்லர். 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் சித்தூரில் ஒரு நிலையம் அமைத்தார்கள். அவர்களுடைய சீர்திருத்தச் சபை, 1618-19-இல் டார்ட் நகரில் கூடிய சங்கத்தின் உபதேசத்தைப் பின்பற்றியது. தெரிந்துகொள்ளப்பட்டவன் கொடிய பாவத்தில் விழுந்தாலும் முடிவாக இழந்துபோகான் என்பது அதன் சாரம். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் சபையோ, 1865-இல் தொடங்கிய ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் ஊழியத்தின் கனி. லுத்தரன்கள் ஏற்கும் 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியானவரை இழக்கவே முடியாது என்போரை வெளிப்படையாக மறுக்கிறது. நம்முடைய பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை இவ்விஷயத்தில் லுத்தரன்களின் பக்கமே நிற்கின்றன. இதைச் சொன்னால் நம்மவர் சிலர் முகம் சுளிப்பார்கள்.

வேதாகமக் கல்லூரி விடுதியில் இதை இரவெல்லாம் விவாதித்தோம். ஒருவன் யோவான் 10:28-ஐ எடுப்பான்; மற்றவன் எபிரெயர் 6:4-6-ஐ எடுப்பான். தேநீர் ஆறிப்போகும், முடிவு வராது.

ஊழியத்தில் அக்கேள்வி ஒரு தாயாரின் கண்ணீரோடு வந்தது. "ஐயா, என் மகன் பதினேழு வயதில் ஞானஸ்நானம் எடுத்தான், அந்நியபாஷை பேசினான். பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் மூன்று வருஷமாய் எந்தச் சபைக்கும் போகவில்லை. இப்படியே செத்தால் பரலோகம் போவானா?"

பட்டணத்தில் நம் பிள்ளைகள் ஒரே நாளில் இயேசுவை மறுதலிப்பதில்லை. ஒரு ஞாயிறு ஷிப்ட் வேலை, மறு ஞாயிறு அசதி, பிறகு வெட்கம். இது ஆபத்தல்ல என்று நான் சொல்லமாட்டேன். விசுவாசம் இப்படியும் செத்துப்போகும். ஆனால் எபிரெயருக்கு எழுதப்பட்ட எச்சரிப்பு, பின்வாங்கிப்போகும் நிலையிலிருந்தவர்களை நிறுத்துவதற்கே எழுதப்பட்டது. எதிரில் இல்லாத ஒருவனுக்குத் தீர்ப்பு எழுத அன்று. ஆகையால் அதை அந்தத் தாயாருக்கு நான் வாசிக்கவில்லை. 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பத்தாம் வசனத்தில் தேமா உலகத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் பிரிகிறான். அவனுடைய முடிவைப் பவுல் எழுதவில்லை. அடுத்த வசனத்திலேயே மாற்குவை அழைத்துவரச் சொல்கிறான். பம்பிலியாவில் ஊழியத்தைப் பாதியில் விட்டுப்போனவன், பவுல் ஒருகாலத்தில் கூடச் சேர்த்துக்கொள்ள மறுத்தவன், அதே மாற்குதான்.

மகனுடைய எண்ணை வாங்கி அன்றிரவே பேசினேன். நெடுநேரம் மௌனமாயிருந்தான். பின்பு, "இனி வந்தால் கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா, ஐயா?" என்று கேட்டான். இப்படிக் கேட்கிறவனை எபிரெயர் ஆறாம் அதிகாரத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சேர்த்துக்கொள்வார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாதாம். அவன் அறைக்கு அருகிலுள்ள தமிழ்ச் சபையில் வெள்ளிக்கிழமை மாலையில் உபவாச ஜெபம் நடக்கிறது. முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.