கணினி காட்டும் வழி

கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதும் மாணவனுக்கு முழுப் புள்ளி கிட்டுவதில்லை. விடைக்கு வந்த வழியையும் அவன் காட்டியாக வேண்டும். சதுரங்கம் ஆடும் கணினி நிரல் இவ்வகையில் நல்ல மாணவன் எனலாம். இன்ன காயை நகர்த்துக என்று கூறுவதோடு அது அமைவதில்லை. அதற்கு எதிராளி தரத்தக்க மறுமொழி யாது, அம்மறுமொழிக்கு ஏற்ற அடுத்த நகர்வு யாது என்று ஒரு நீண்ட தொடரையே எழுதிக் காட்டுகிறது. இருவரும் சிறந்தவாறே ஆடினால் ஆட்டம் செல்லும் என எதிர்பார்க்கப்படும் அத்தொடரை முதன்மை வரிசை எனலாம்.

இவ்வரிசை உருவாகும் முறை அறியத்தக்கது. ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்புக்கும் 20 உண்டு. ஆளுக்கொரு முறை நகர்த்தினால் 400 வழிகள். ஆளுக்கு இருமுறை நகர்த்தினால் 197,281 வழிகள். இவ்வாறு கிளைத்துப் பெருகும் மரத்தில் நிரல் குறிப்பிட்ட ஆழம்வரை இறங்கி, நுனியிலுள்ள நிலைகளை மதிப்பிடுகிறது. பின்னர் வேரை நோக்கித் திரும்புகிறது. தன் முறை வருமிடத்தில் தனக்கு நன்மை மிகுந்ததையும், எதிராளியின் முறை வருமிடத்தில் அவருக்கு நன்மை மிகுந்ததையும் தேர்கிறது. இம்முறையை 1950-இல் வெளிவந்த தம் கட்டுரையில் கிளாடு ஷானன் விளக்கியுள்ளார். ஒவ்வொரு கணுவிலும் தேர்ந்த நகர்வை முன்னே எழுதி, கீழிருந்து வந்த தொடரை அதன் பின்னே சேர்த்து, மேற்கணுவிடம் ஒப்படைக்கிறது நிரல். வேரை அடையும்போது கையிலிருப்பதே முதன்மை வரிசை.

திரையில் ஆழம், மதிப்பு, வரிசை ஆகிய மூன்றும் தோன்றும். மதிப்பு சிப்பாய்க் கணக்கில் அமையும். சுழியம் சமநிலையைக் குறிக்கும். ஆழம் ஒருபடி கூடும்போது முந்தைய வரிசையையே நிரல் முதலில் சோதிக்கிறது. நல்ல நகர்வு முன்னரே கையிலிருப்பதால் தகாத கிளைகளை விரைந்து ஒதுக்க முடிகிறது. எனினும், வரிசையின் கடைசி நகர்வுகளை முழுதும் நம்புதல் ஆகாது. அவற்றுக்கு அப்பால் நிரல் பார்த்த தொலைவு மிகக் குறைவு. ஆழம் கூடக்கூட அவை மாறுவதும் இயல்பே.

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. உலக வாகையர் போட்டியின் 14-ஆம் ஆட்டத்தில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீன நாட்டு டிங் லிரெனும் தலா 6.5 புள்ளிகளோடு அமர்ந்தனர். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆயினும் கணினி நிரல்களின் கணிப்பு சமநிலையை ஒட்டியே இருந்தது. குகேஷ் ஆட்டத்தை விடாது தொடர்ந்தார். 55-ஆம் நகர்வில் டிங் தம் யானையை எஃப்-2 கட்டத்தில் வைத்தார். அக்கணமே வரிசை மாறியது. யானைகள் வெட்டுண்டன. மூலையில் நின்ற வெள்ளை மந்திரிக்கு ஒதுங்க இடமின்மையால் மந்திரிகளும் வெட்டுண்டன. எஞ்சிய இரு சிப்பாய்களை ஒரு சிப்பாயால் தடுக்க இயலவில்லை. குகேஷ் 7.5-க்கு 6.5 என்று வென்று உலக வாகையரானார்.

கணினியின் கணிப்பு பிழையன்று. இருவரும் சிறந்த நகர்வையே ஆடினால் என்னும் நிபந்தனை அதனுள் அடங்கியிருந்தது. களைப்பும் அச்சமும் உடைய மனிதர் அந்நிபந்தனைக்குக் கட்டுப்படுவதில்லை. இன்னொன்றும் எண்ணத்தக்கது. குகேஷின் இளமைப் பயிற்சியில் அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா கணினி நிரல்களை விலக்கி, தாமாகவே கணித்துச் சிந்திக்கப் பழக்கினார். திரை எதுவும் துணைநில்லாத பலகையின் முன் அப்பழக்கமே கைகொடுத்தது.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற வலிமைமிக்க நிரல் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. பினாங்கு மாநிலத்து ஜுருவில் வாழும் மாணவனும் கைப்பேசியிலேயே முதன்மை வரிசையைக் காணலாம். வரிசை 'எது' என்பதைக் கூறும். 'ஏன்' என்பதைக் கூறாது. ஆகவே மாணவன் முதலில் தன் வரிசையைத் தாளில் எழுதட்டும். பிறகு கணினியின் வரிசையோடு ஒப்பிடட்டும். இரண்டும் பிரியும் முதல் இடத்தில் தன் நகர்வையே பலகையில் ஆடிப் பார்த்து, அதற்குக் கணினி தரும் மறுமொழியை ஆராயட்டும். ஆசிரியரின் வேலை தொடங்குவதும் அவ்விடத்திலேதான்.