பம்ப்பை ஏத்துறதுக்கு முன்னாடி பிளாக்கைப் பாருங்க!

குறுவைக்குச் சேறடிக்கிற நாட்களில் எங்கள் பக்கத்து டிராக்டர் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு: ‘‘அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. பம்ப்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க.’’

போன வருஷம் என் அண்ணன் மகனும் அதே முடிவோடு இருந்தான். 45 எச்.பி. வண்டி. கடனில் பாதி பாக்கி. வாடகைக்கு ஓட்டித்தான் அடைக்க வேண்டும். 6 அடி ரொட்டவேட்டரை விற்றுவிட்டு 7 அடி மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவன் கணக்கு.

டீசலைக் கூட்டினால் சக்தி கூடும், சந்தேகமில்லை. ஆனால் கூடுகிற சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டியது பிளாக். லாரிக்கு அடியில் சேசிஸ் இருக்கிறது. பெரும்பாலான டிராக்டர்களுக்கு அது கிடையாது. முன் அச்சு, என்ஜின் பிளாக், கியர் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்கின்றன. 1917-ல் வந்த ஃபோர்ட்ஸன் டிராக்டரே இப்படித்தான். பிளாக்தான் வண்டிக்கு முதுகெலும்பு. அதனால்தான் தடித்த வார்ப்பிரும்பு. சின்ன கார் என்ஜின் 80 எச்.பி. கொடுக்கிறதே என்பார்கள். அது நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எப்போதாவது கொடுப்பது. டிராக்டர் சுமார் 2,000 சுற்றில் நாள் முழுக்க இழுக்கிறது.

பட்டறைக்காரர் பம்ப் பக்கமே போகவில்லை. எண்ணெய்க் குச்சியை உருவினார். பால் கலந்த காபி நிறம்!

அவனுடையது ஈர லைனர் என்ஜின். அதாவது, பிஸ்டன் ஓடும் குழாய் தனி. அதன் வெளிப்பக்கத்தை ரேடியேட்டர் தண்ணீர் நேராகத் தொடும். தேய்ந்தால் பிளாக்கை இறக்காமலே மாற்றலாம், நமக்கு அது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிரும். அந்த அதிர்வில் தண்ணீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடையும். உடைகிற இடத்தில் இரும்பு அரிக்கும். கூலன்ட் ஊற்றினால் இதை நன்றாகத் தடுக்கலாம். இவன் டிரைவர் ஊற்றியது போர்வெல் தண்ணீர். கழற்றிய லைனரில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள், ஒன்று உள்வரை ஓட்டை. அடியில் இருந்த ரப்பர் வளையங்களும் கெட்டிப்பட்டிருந்தன. இந்த நிலையில் டீசலைக் கூட்டியிருந்தால் வெடிப்பும் அதிர்வும் இன்னும் கடுமையாகியிருக்கும்.

பிளாக்கிலேயே துளை கடைந்த என்ஜின் வேறு ரகம். லைனர் இல்லாததால் விறைப்பு அதிகம். தேய்ந்தால் லேத்துக்குப் போய் போர் அடிக்க வேண்டும். போர் அடித்தால் எச்.பி. ஏறும் என்பதை நான் நம்புவதில்லை. 100 மி.மீ. துளையை அரை மி.மீ. பெருக்கினால் கொள்ளளவு 1 சதவிகிதம்தான் கூடும். வண்டி துள்ளுவது, தேய்ந்த சுவர் வழியாக ஒழுகிய அழுத்தம் நின்றதால்.

லைனர், பிஸ்டன், வளையம் எல்லாம் புதிதாகப் போட்டு, கூலன்ட் ஊற்றி, பம்ப்பைக் கம்பெனி அளவிலேயே விட்டார்கள். இந்தக் குறுவைக்கும் 6 அடி ரொட்டவேட்டரோடுதான் இறங்கியிருக்கிறான். ரேடியேட்டர் மூடிக்குப் பக்கத்தில் ‘தண்ணி ஊத்தாதே’ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறான், டிரைவர் பையனுக்காக.