ஒளியிடுக்கி

ஒளி பொருள்களைக் காட்டுவதோடு அமைவதன்று. அவற்றைப் பற்றி நிறுத்தவும் வல்லது. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஆஷ்கின் என்னும் அறிஞர், 1986ஆம் ஆண்டில், தம் தோழர்களுடன் லேசர்க் கதிரை வில்லை வழியே குவித்து, நுண்துகளைப் பற்றி நிறுத்தினார். அதனை ஒளியிடுக்கி என்பர்.

மறு ஆண்டில் அவர் பாக்டீரியாக்களைப் பிடித்தார். ஆனால், பச்சை ஒளியின் வன்மையில் அவ்வுயிர்கள் மடிந்தன. பற்றிய கையே கொல்லும் கையாயிற்று! ஆஷ்கின் முயற்சியைக் கைவிட்டாரல்லர். உயிரணுக்கள் மிகக் குறைவாகவே உட்கொள்ளும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை அமைத்தார். உயிர்கள் பிழைத்தன, பிடியிலிருந்தவாறே பெருகவும் செய்தன.

பற்றினாற் போதுமோ? அவ்வுயிரணுவின் உள்ளியல்பையும் அறிதல் வேண்டுமன்றோ? அதற்குத் துணையாவது, திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவிற் கண்ட விளைவு. சிதறும் ஒளியின் நிறமாற்றம் பொருளின் மூலக்கூறுகளை அறிவிக்கும். ஆயினும், அலைநீளம் மிகுந்தால் அச்சிதறொளி மங்கும். குறைந்தால் உயிரணுவுக்குத் தீங்கு நேரும். ஆதலின், இடைப்பட்ட 785 நானோமீட்டர் ஒளியைப் பலர் தேர்ந்துகொள்கின்றனர்.

கருவியைச் செம்மை செய்வதென்பது ஒளியின் வலிமையைப் பெருக்குவது மட்டுமன்று. உயிரை அறிய விழைவோர், முதற்கண் அதனைக் காத்தல் வேண்டும்.