மாசி மகத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

மாசி பிறந்து பத்து நாளாகிறது. விடியற்காலையில் இன்னும் பனி இறங்குகிறது. பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று உறைக்கிறது. மா பூத்துவிட்டது, முருங்கையும் பூத்துவிட்டது. எறும்பு, கரையான், கரப்பான், கொசு, பெருச்சாளி எல்லாம் சுறுசுறுப்பாகும் காலமும் இதுதான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். ஆண்டுக்கு நான்கு பருவம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். "பிரந்தாம்" வந்தால் பனிக்கட்டி உருகும், மரம் துளிர்க்கும், வீட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து வைத்துச் சுத்தம் செய்வார்கள் என்று பாடம். பனிக்கட்டியைக் கண்ணால் பார்க்காத நாங்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். வீட்டுக்கு வந்தால் அம்மா வேறு கணக்குச் சொல்வார்: "மாசி மகத்துக்குள்ள கொல்லையைச் சுத்தம் பண்ணி முடிச்சிடணும்." வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் நாளுக்கு முன்னால் எங்கள் வீட்டில் பரண் இறங்கிவிடும், அரிசிக் குதிர் காய்ந்துவிடும். இரண்டு பாடமும் ஒன்றையேதான் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது நாங்கள் இருப்பது லாஸ்பேட்டைப் பக்கம். அலுவலகத்தில் வீட்டுக்கடன் வாங்கிக் கட்டிய வீடு. முன்னால் இரண்டு செம்பருத்தி, பின்னால் ஒரு முருங்கை, ஒரு தென்னை, ஒரு மூடிய கிணறு. பிள்ளைகள் வெளிநாட்டில். நானும் என் மனைவியும் மட்டும். அவளுக்கு இருபது வருடமாக இழுப்பு. எங்கள் டாக்டர் மூன்று விஷயங்களைத் தடுத்துவிட்டார்: கொசுவத்திச் சுருள் கூடாது, ஸ்பிரே கூடாது, புகை கூடாது. புகை என்றால் வேப்பிலைப் புகை, சாம்பிராணி எல்லாம் சேர்த்துத்தான்.

சரி, பூச்சிகளை அப்படியே விட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால் அதுவே இழுப்பைக் கிளப்பும். பூச்சியும் ஆகாது, மருந்தும் ஆகாது. எங்கள் வீட்டின் நிலைமை இது. என் வயதுக்காரர் பலர் வீட்டிலும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர் ஒருவராவது இருப்பார் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

பள்ளியில் "லெசோன் தெ ஷோஸ்" என்று ஒரு வகுப்பு இருந்தது. ஒரு பொருளைக் கையில் கொடுத்துப் பார், தொடு, முகர், பிறகு சொல் என்பார்கள். எதிரில் இருப்பதைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது. வீட்டுப் பூச்சிகள் விஷயத்தில் நான்கு கேள்வி போதும். இது எதைத் தின்கிறது? எங்கே தண்ணீர் குடிக்கிறது? எந்த வழியாக வருகிறது? பகலில் எங்கே ஒளிகிறது? நான்கில் இரண்டை அடைத்துவிட்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்துவிடும்.

முதலில் கொல்லை. விழுந்த தென்னை மட்டை, பழைய செங்கல், உடைந்த பூந்தொட்டி, "எதற்காவது உதவும்" என்று சேர்த்துவைத்த பலகைகள் எல்லாவற்றையும் அகற்றிவிடுவோம். பெருச்சாளி வளை தோண்டுவது இவற்றுக்கு அடியில்தான். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அதனால் ரப்பர் செருப்பும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை ஒரு சுண்டெலிக்குப் போதும். குழாய் சுவரில் நுழையும் இடங்களில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசச் சொன்னேன். வெறும் சிமெண்டைக் காய்வதற்கு முன்பே கரண்டிவிடும்.

முருங்கை என்றால் கம்பளிப்பூச்சி. இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும், பகலில் இறங்கி அடிமரத்தில் கம்பளத் துண்டு போல ஒட்டிக் கிடக்கும். பகலில் ஒரே இடத்தில் கூடுவதுதான் நமக்கு வசதி. பந்தம் கொளுத்திக் காட்டுவது பழைய வழக்கம். புகை ஆகாது என்பதால் நாங்கள் சோப்புக் கரைசலை வாளியில் கரைத்துக் கைப்பம்பால் அடிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் மரத்தையே வெட்டச் சொன்னவர். இப்போது அவரே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், இன்னிக்கு இறங்கியிருக்கு" என்று குரல் கொடுக்கிறார். கீரையும் காயும் அவர் வீட்டுக்கும் போகிறது. பூச்சியின் ரோமம் உடம்பில் பட்டால் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை ஒட்டி எடுத்துவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அதன் இனிப்புக் கசிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி சுமந்தும் போகும். அதனால் முதலில் எறும்பின் பாதையை மறிக்க வேண்டும். தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் போதும். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் மாவுப்பூச்சி உதிர்ந்துவிடும்.

இங்கே ஒரு செய்தி. 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுக்கப் பரவிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் நாசம் செய்தது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரீக்கோ தீவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட கூட்டாளிகள்தான். எங்கள் வீட்டுப் பல்லியையும் மூஞ்சூறையும் நான் விரட்டுவதில்லை. ஒன்று கொசுவைத் தின்கிறது, மற்றது கரப்பானைத் தின்கிறது. சம்பளம் வாங்காத ஊழியர்கள்.

அடுத்தது கரையான். முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இதன் அருமை தெரியும். ஆவண அறையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போடமாட்டோம். ஒரு சாண் தள்ளி, காலுக்கு அடியில் கல் வைத்து நிறுத்துவோம். வீட்டிலும் அதே விதி. என் தாத்தாவின் வீட்டுப் பத்திரம் பிரெஞ்சில் நொத்தேர் எழுதியது, அப்பாவின் பிறப்புப் பதிவும் பிரெஞ்சில்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் காகிதங்களின் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. மரப்பெட்டியிலிருந்து இரும்புப் பெட்டிக்கு மாற்றி, வசம்புத் துண்டுகள் போட்டு வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை மாசி வெயிலில், நிழல் விழும் இடத்தில் பிரித்துக் காற்றாட வைப்பேன். இராமபாணப் பூச்சி இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு தெரிந்தால் ஒரு விரல் அளவு உடைத்துவிட்டு நான்கு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உள்ளே கரையான் உயிரோடு இருக்கிறது. அப்போது கைவைத்தியம் போதாது. ஆட்களைக் கூப்பிட்டுத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து செலுத்தத்தான் வேண்டும். 2019-இல் நாங்களும் செய்தோம். வாசனை இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்கினேன். ஒரு வாரம் அவளைக் காரைக்காலில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மருந்தே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அது மண்ணுக்குள் இருக்கட்டும், நாம் மூச்சுவிடும் காற்றில் வேண்டாம்.

கொசுவைப் பற்றிப் புதுச்சேரிக்காரருக்குப் பாடம் தேவையில்லை. யானைக்கால் நோயாளிகள் இல்லாத தெருவே கிடையாது என்றிருந்த காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். ரத்தத்தில் அந்தக் கிருமி இரவில்தான் தென்படும் என்பதால் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். கொசு ஆராய்ச்சி நிலையம் இங்கே 1975-இல் வந்தது. 1981-இல் தொடங்கி ஐந்து வருடம் நம் ஊரிலேயே ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள். மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு முட்டையிடும் இடங்களைத் தேடி ஒழிப்பதுதான் அதன் அடிப்படை.

அதையே வீட்டளவில் செய்கிறோம். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டியாயிற்று. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இரவில் கடிக்கும் கொசு கூட்டம் கூட்டமாகக் கிளம்புவது அங்கிருந்துதான். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். காய்ந்த தொட்டியின் சுவரில்கூட அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கடைசியில் சமையலறை. சலதாரை வாயில் சிறு கண் ஜாலி, இரவில் உலர்ந்த தொட்டி, மூடிய குப்பைக்கூடை, அரிசியில் வேப்பிலை. கடையிலிருந்து வரும் அட்டைப் பெட்டிகளை வாசலிலேயே பிரித்துவிடுவோம். கரப்பான் முட்டைக்கூடு அவற்றில் ஒட்டிக்கொண்டு வரும். போரிக் ஆசிட், மைதா, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து அலமாரிக்குப் பின்னால் வைப்போம். பொடியாகத் தூவுவதில்லை, மூச்சில் போகும். மெதுவாக வேலை செய்யும், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் வந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிட வேண்டும்.

கரப்பானுக்குப் பிரெஞ்சில் "கஃபார்" என்று ஒரு பெயர். காரணமில்லாமல் மனதைக் கவ்வும் சோர்வுக்கும் அதே சொல்தான். பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் வீடுகளில் இரண்டு கஃபாரும் சேர்ந்தே குடியேறுகின்றன. அலமாரிக்குப் பின்னால் பார்க்கத் தோன்றாத அன்று இரண்டாவது வந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு 74 வயது. ஏணி ஏறுவதில்லை. பரணுக்கும் தென்னைக்கும் ஆள் உண்டு, கூலி உண்டு. ஒட்டடை அடிக்கும் இரண்டு நாளும் அவள் பக்கத்து வீட்டில் இருப்பாள். அங்கிருந்தபடியே, "என்னங்க, பிரிட்ஜுக்குப் பின்னாடி பார்த்தீங்களா?" என்று போனில் கேட்பாள். இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது என்று அவள் காலண்டரில் கோடு போட்டு வருகிறாள். போன வருடம் பங்குனிப் பக்கத்தில் நான்கு கோடுகள்தான் இருந்தன. இந்த வருடம் மாசி மகத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. எங்களுக்குப் பாக்கி கிணற்று மூடியும் பின்பக்கச் சலதாரையும் மட்டும்.