சாவித்திரியின் முதல் ஐந்து வருடங்கள்

இலங்கை மலையகத்தின் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் நடிகை சாவித்திரி என்று சொன்னால் பெரியவர்கள் முடிவைத்தான் பேசுவார்கள். குடித்தாள், சொந்தப் படம் எடுத்துச் சொத்தைத் தொலைத்தாள், ஒன்றரை வருடத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பர் 26-இல் போய்ச் சேர்ந்தாள். குமரிப் பிள்ளைகளை மிரட்டவும் இந்தக் கதை உதவியது. அந்த அம்மாள் வாழ்ந்தது ஐம்பது வருடம்கூட இல்லை. அதிலும் கடைசிச் சில வருடங்கள்தான் எங்கள் கணக்கில் இருந்தன.

என் கணக்கை மாற்றியது வீடியோ. எண்பதுகளில் பண்டாரவளை டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலில் ஜெனரேட்டர் வைத்து விடிய விடியப் படம் ஓட்டுவோம். ரஜினி, கமல் படங்கள் முதலில். பழைய படம் பின்னிரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு. கொப்பிக்கு மேல் கொப்பியெடுத்த கேசட்டில் முகம் சரியாகவே தெரியாது. பிறகு இறுவட்டு வந்தது. 2007 வாக்கில் இந்தியாவில் மோசர் பேர் நிறுவனம் வீசீடியை 28 ரூபாய்க்கும் டீவீடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, கறுப்பு வெள்ளைப் படங்களும் கைக்கெட்டும் விலைக்கு இறங்கின. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தால் நீலகிரிப் பக்கம் போய்க் குடியேறிய என் சொந்தங்கள் வரும்போதெல்லாம் எனக்கு அவற்றைத்தான் கொண்டுவந்தார்கள்.

வருட வரிசைப்படி போட்டுப் பார்த்தேன். 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’யில் அவருக்கு ஒரு நடனம், அவ்வளவுதான். அடுத்த வருடம் ‘கல்யாணம் பண்ணிப் பார்’ படத்தில் இரண்டாவது இடம். 1953-இல் ‘தேவதாஸ்’ பார்வதி. வயதான ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டவள், தேவதாஸ் வாசலில் கிடக்கிறான் என்று கேட்டதும் ஓடிவருகிறாளே, அந்த ஓட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தியேட்டரில் அழுதுவிட்டுப் போகலாம். ஒரு நடிகை எப்படி அழ வைக்கிறார் என்று பார்க்க வீட்டில் தனியாக உட்கார வேண்டும்.

1955-இல் ‘மிஸ்ஸியம்மா’. அந்த மேரி வேடம் முதலில் பானுமதிக்குப் போனது. சில காட்சிகள் எடுத்த பிறகு அவர் விலக, சிறிய வேடத்துக்கு வந்திருந்த சாவித்திரிக்குக் கிடைத்தது. கடன் நெருக்க, வாத்தியார் வேலைக்காக முன்பின் அறியாத ஒருவனோடு கணவன் மனைவியாக நடிக்கும் கிறிஸ்தவப் பெண். அந்த எரிச்சல், வீம்பு, வெளிக்காட்டாமல் அரும்பும் அன்பு மூன்றும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும். நானும் வாத்தியார் வேலை பார்த்தவன். அந்தப் படத்தில் அவர் கோபப்படும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தூக்கிக் கொடுத்த இடத்தை இப்படி நிறைத்த பெண்ணை, ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் வைத்து இத்தனை காலம் பேசியிருக்கிறோம்.

லயத்திலும் இதுதான் நடக்கிறது. முப்பது வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மனிதர் கடைசி மூன்று வருடம் குடித்தால், சாவு வீட்டில் ‘குடிகாரன் போய்விட்டான்’ என்கிறார்கள். அப்படி ஒரு வீட்டில் மூத்த மகனிடம், “அப்பா எந்த வயசில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சாரு?” என்று கேட்டேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். பதினாறு வயசில் பதிந்தது, அவருடைய தம்பி தங்கச்சி மூவரையும் அந்தச் சம்பளத்தில் வளர்த்தது, தங்கச்சியை ஏ.எல். வரை படிக்க வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். சுற்றியிருந்தவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்தார்கள். அன்று அங்கே குடிப் பேச்சு எழவில்லை.

2018-இல் கீர்த்தி சுரேஷ் நடித்த ‘நடிகையர் திலகம்’ வந்த பிறகு இளம் பிள்ளைகளுக்கும் சாவித்திரியைத் தெரிகிறது. நல்ல படம், நானும் கண் கலங்கினேன். ஆனால் என்னிடம் இறுவட்டு கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அதைக் கடைசியில்தான் கொடுக்கிறேன். முதலில் ‘பாதாள பைரவி’, பிறகு ‘தேவதாஸ்’, அதற்குப் பிறகு ‘மிஸ்ஸியம்மா’. மூன்றையும் பார்த்துவிட்டு வந்து அந்த நாலாவதை வாங்கிக்கொள்ளலாம்.