அல்லூர்க் கணக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைத் தாண்டி கரூர் சாலையில் போனால் ஜீயபுரம் பக்கம் அல்லூர். இவ்வூரையும் ஈசானமங்கலம் என்ற ஊரையும் ஒப்பிட்டுச் சோழர்கால நிலவுடைமையை ஆராய்ந்தவர் ஜப்பானியரான நொபொரு கராஷிமா. பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட, ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் கையில். அல்லூரில் ஊராரின் பொதுவுடைமை. இதுதான் அவர் கண்டது.

நம்மவர்கள் மன்னர்களின் போர்களில் திளைத்திருந்தபோது அவர் கல்வெட்டுகளில் நிலம் விற்றவன், வாங்கியவன் பெயர்களைப் பார்த்தார். 1978-இல் எ. சுப்பராயலு, மட்சுயி இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் தொகுத்தார். மூவர் பெயரிலும் நூல் வந்தது.

அவருடைய உழைப்பு அப்படி. இங்கே நம்மவர்கள் நடத்தும் சில கருத்தரங்குகளிலோ பொன்னாடைக்கே அரைமணி போய்விடுகிறது. கேள்வி கேட்டால் நெறியாளருக்கு முகம் சுருங்கும் (கேட்ட ஆய்வு மாணவனுக்கு வைவா எப்போது வரும் என்பது வேறு கதை). கராஷிமாவின் முடிவுகள் மீதும் பின்வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் அவர் பதில் எழுதினார்.