‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் ஊர்

மயிலை மாட வீதிகளில் வசிக்கும் நமக்கு, அமைதி என்பது விடியற்காலையோடு முடிந்துவிடும். பகல் முழுவதும் அமைதி நிலவும் ஊர் ஒன்று தென்பாண்டி நாட்டில் உண்டு. திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி வழியாக ஏறத்தாழ 45 கி.மீ. சென்றால், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடியே அது. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என ஐந்து நம்பிகளாக எம்பெருமான் எழுந்தருளியிருக்கும் திவ்விய தேசம். திருமங்கையாழ்வார் பரமபதம் எய்திய தலம்.

ஊரைச் சுற்றி வயல்களும் வாழைத் தோட்டங்களும். கோயில் வீதிகளில் திண்ணை வைத்த பழைய வீடுகள். அவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன. பிழைப்புக்காக வெளியூர் செல்வது இவ்வூருக்குப் புதிதன்று. 1911-இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் இம்மண்ணில் பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்து இவ்வூரையே குறிக்கிறது.

ஒரு வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்தோம். யார், எவர் என்று கேளாமலே மோர் கொடுத்த மூதாட்டிக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் வெளியூரில். “தீபாவளிக்கு வராட்டாலும் கைசிகத்துக்கு வந்துடுவா. நடுவுலவன் மட்டும் நாலு வருஷமா வரலை. அவனும் போயிட்டு வரேன்னுதான் சொல்லிட்டுப் போனான்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர் கைசிகம் என்றது கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியை. பாணர் குலத்து நம்பாடுவான் விரதமிருந்து, நம்பியைப் பாடச் செல்கையில் பிரமராட்சசன் ஒருவனிடம் அகப்பட்டான். “பெருமானைப் பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், பிறகு என்னை உண்பாயாக” என்று பதினெட்டுச் சபதங்கள் செய்து கொடுத்தான். அவன் தரிசிப்பதற்காகக் கொடிமரமே விலகி நின்றது என்பர். பாடி முடித்தவன் வேறு வழியில் தப்பிச் செல்லவில்லை; சொன்னபடி திரும்பி வந்தான். தான் பாடிய கைசிகப் பண்ணின் பலனை அளித்து அந்த ராட்சசனுக்கும் சாபவிமோசனம் தந்தான்.

வங்கியில் பணிபுரிந்த காலத்தில் எத்தனையோ புரோநோட்டுகளைப் பார்த்தவன் நான். கையொப்பம், சாட்சி, ஜாமீன் எல்லாம் இருந்தும் வாராக்கடனானவை பல. நம்பாடுவானிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. வாக்கு ஒன்றுதான் இருந்தது.

இவ்வரலாறு ஆண்டுதோறும் அந்த இரவில் கோயில் மண்டபத்தில் நாடகமாக நடிக்கப்படுகிறது. நலிந்திருந்த அக்கலையைப் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் 1999-இல் மீட்டெடுத்தனர். அன்று வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர, பூட்டிய வீடுகள் திறக்கின்றன. வாசல்களில் கோலம் விழுகிறது.

எழும்பூரில் இரவில் நெல்லை விரைவு வண்டி ஏறினால் மறுநாள் காலை திருநெல்வேலி. இயன்றால் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது நம் வழக்கமன்று. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்லிப் புறப்படுகிறோம். அந்தச் சொல்லை நம்பித் திண்ணையில் காத்திருப்பவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்.